பெட்ரோல் பங்கில் விட்டு வந்தேன்

நானும் மனைவியும் திருப்பதியில் ஒரு காதல் படம் பார்த்தோம். அடிபட்டு நினைவிழந்த நாயகன் மனைவியையே மறந்துவிடுகிறான். "பொண்டாட்டிய எவனாவது மறப்பானா?" என்று பைக்கில் நக்கலடித்துக்கொண்டே வந்தேன். நடுவில் பெட்ரோல் போட்டேன். வடமாலபேட்டையில் திரும்பிப் பார்த்தால் பின்சீட் காலி.

விழுந்துவிட்டாளோ? வந்த வழியே விரட்டினேன். ஏழுமலையானுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். தலை ஏற்கெனவே வழுக்கை என்பதும் மறந்துபோனது.

பெட்ரோல் போடும்போது இறங்கியவள், அந்தப் பங்கிலேயே நின்றிருந்தாள்.

"ஏறு" என்றேன்.

"யார்யா நீ? எங்க வீட்டுக்காரரு வந்துகினு இருக்காரு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"படத்துல அவனுக்கு மண்டையில அடி. உனக்கு இன்னா?"

பங்கிலிருந்து அவ்வளவு தூரம் பேசிக்கொண்டே போயும் பின்னாலிருந்து பதில் வராதது எனக்கு உறைக்கவே இல்லை. நான் என்றைக்குப் பதிலுக்குக் காத்திருந்தேன்?

இப்போதெல்லாம் பைக்கில் ஒன்று சொன்னால், பின்னாலிருந்து "ம்" வரும்வரை அடுத்ததைப் பேசுவதில்லை.