வாரக்கடைசிக்காரி

வெள்ளிக்கிழமை வந்தால்தான் ரேலீனுக்கு மூச்சே சீராக வரும். வாரம் முழுக்கக் கால்பந்து மைதானத்துக்குப் பின்னால், தானியக் களஞ்சியத்தின் நிழலில், யார் எப்போது வந்து கண்ணாடியைத் தட்டப்போகிறார்களோ என்று ஒண்டிக் கிடந்தவள், அன்றைக்குக் காலையிலேயே எழுந்து தான் குடியிருக்கும் சக்கர வீடான கேரவனைக் காருக்குப் பின்னால் பூட்டுவாள். முகம் கழுவி, உதட்டுக்குச் சாயம் தீட்டிக்கொண்டு, முர்ரே ஆற்றங்கரையில் வெர்ன் நடத்தும் கேரவன் முகாமுக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே வெந்நீர் உண்டு. மின்சாரம் உண்டு. கதவைத் தாழ்போட்டுவிட்டுப் பயமில்லாமல் தூங்கலாம். எல்லாவற்றையும்விட, அங்கே அவள் வீடு வாசல் இல்லாதவள் அல்ல. எல்லாரையும் போல வாரக்கடைசியைக் கழிக்க வந்தவள். அந்தப் பேரைத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றி வந்தாள்.

காப்பாற்றித்தான் ஆகவேண்டும். முகாம் வாசலிலேயே வெர்ன் பலகை மாட்டியிருந்தார். வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும், நிரந்தரமாகத் தங்குவோருக்கு இடமில்லை என்று. முன்பு சில குடும்பங்கள் அங்கேயே வருஷக்கணக்கில் தங்கிவிட, கவுன்சில்காரர்கள் வந்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் உரிமத்தையே பிடுங்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வெர்ன் இரும்பு.

ரேலீன் ஒன்றும் ஊதாரியாகத் திரிந்து இந்த நிலைமைக்கு வந்தவள் இல்லை. பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலையில் பாதி ஆயுசு நின்றாள். ஆலை ஆளைக் குறைத்தபோது பள்ளிக்கூடக் கேன்டீனுக்குப் போனாள். இன்னும் வாரத்தில் சில நாள் அங்கேதான் சாண்ட்விச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். புருஷன் லிண்டன் பிரிந்து போனபோது படகை அவன் எடுத்துக்கொண்டான். கேரவனும், காலை மடக்கித் தூக்கிக்கொண்டு போகிற அந்த பார்பெக்யூ அடுப்பும் இவளுக்கு. அப்புறம் வாடகைக்கு இருந்த வீட்டையும் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டார்கள். வேறு வீடு பார்க்கப் போனால் ஒவ்வொரு வாசலிலும் சின்ன வயசு ஜோடிகள் கூட்டமாக நின்றார்கள். அறுபதைத் தாண்டிய ஒண்டிக்கட்டைக்கு, அதுவும் கேன்டீன் சம்பளக்காரிக்கு, யார் சாவியைக் கொடுப்பார்கள்? அரசாங்க வீட்டுக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடுவார்கள், மண்டையைப் போட்ட பிறகு.

நாட்டின் இன்னொரு கோடியில், பெர்த்தில் இருக்கும் மகள் டாம்ஸினுக்கு இது தெரியாது. அவள் தன் சிநேகிதிகளிடம், "எங்கம்மா கேரவனை எடுத்துக்கிட்டு ஊர் ஊராச் சுத்துறா, குடுத்துவெச்சவ" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகளின் வாயில் அந்தப் பெருமையைக் கேட்டுக்கொண்டே, "ஆமா கண்ணு, இங்க ஆறு அழகா இருக்கு" என்று ஃபோனில் சொல்வதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ரேலீன் ஒரு வீட்டையே கேரவனில் மறைத்திருந்தாள். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, கேரவனின் முகப்பில் சாமான் வைக்கிற முன்பெட்டி. கேரவன்காரர்களுக்கு அடுத்தவரின் முன்பெட்டியை எட்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. வந்து இறங்கியதும் யார் எதை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஆளை எடைபோடுவார்கள். அதனால் முன்பெட்டியைக் கடைவாசல் மாதிரி வைத்திருந்தாள். பையில் போட்ட பார்பெக்யூ ஒரு பக்கம், சுருட்டிய தரைவிரிப்பு ஒரு பக்கம், மடக்கு நாற்காலிகள், தண்ணீர்க் குழாய், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கிற கட்டைகள் எல்லாம் அதனதன் இடத்தில். வந்ததும் அதை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கும்படி சாவகாசமாகச் சாமான் எடுப்பாள். பார்த்தவர்கள், அடடா, எவ்வளவு நேர்த்தி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எடுத்தானதும் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள்.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து இடத்தில் ரஸ்ஸும் ஜனெட்டும் வந்து இறங்கினார்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள். ரஸ் லாரிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். யார் வண்டியைப் பார்த்தாலும் குனிந்து அச்சைப் பார்க்காமல் இருக்கமாட்டார். ஜனெட் தங்கமான மனுஷி. வாய்தான் ஓயாது.

"என்ன ரேலீன், வண்டியோட வாலு தரையில இடிக்குது?" என்றார் ரஸ், இறங்கிய கையோடு. "வீட்டையே பெயர்த்துக் கட்டி எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

ரேலீனின் கை கழுத்துச் சாவிக்குப் போனது. ஆனாலும் சிரித்தாள். "ஒயின் பாட்டில் ரஸ். உங்க பொண்டாட்டி குடிக்கிற வேகத்துக்கு இது பத்தாது."

"கேட்டியா ஜனெட்! ஊருக்கே தெரிஞ்சுபோச்சு உன் வண்டவாளம்."

"போய்யா. நீ குடிக்கிற பீரை ஆத்துல ஊத்தினா வெள்ளமே வரும்," என்றாள் ஜனெட்.

"விளையாட்டுக்குச் சொல்லல ரேலீன். பின்பாரம் ஏறிப்போச்சுன்னா நெடுஞ்சாலையில வண்டி பாம்பு மாதிரி நெளியும். ஒருநாள் எறக்கிப் பாத்துருவோம், தேவையில்லாததெல்லாம் வீட்டுலயே போட்டுட்டு வாங்க."

"பாக்கலாம், பாக்கலாம்," என்று ரேலீன் பேச்சை மாற்றினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வழக்கம்போல நாற்காலிகள் வட்டமாக விழுந்தன. அந்த வட்டத்தின் சட்டம் எல்லாருக்கும் தெரியும். உன் இறைச்சி உன்னுடையது, உன் நாற்காலி உன்னுடையது. அடுப்பு யாருடையதோ, இடுக்கி அவர் கையில். அடுத்தவரின் அடுப்பில் கைவைத்தால் அடுத்த வாரம் உன்னைப் பார்த்துப் பேசமாட்டார்கள். அன்றைக்கு ரேலீனின் அடுப்பு முறை. ஆட்டு விலாத் துண்டுகளை ரோஸ்மேரியும் பூண்டும் தடவி ஊறவைத்திருந்தாள். வாரத்தில் மற்ற நாட்களில் அதே அடுப்பில்தான் அவளுக்குக் காலைக் கஞ்சியும், டீத்தண்ணியும், கேன்டீனில் மிஞ்சிய ரொட்டியைச் சூடுபண்ணுவதும். களஞ்சியச் சுவருக்கு இந்தப் பக்கம், காற்றுக்கு ஒரு தகரத்தைச் சாய்த்துக்கொண்டு, புகை யார் கண்ணிலும் படாமல். அதெல்லாம் இந்த வட்டத்துக்கு எதற்கு? இங்கே அவள் இடுக்கியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "யாருக்கு ரத்தம் தெரியணும், யாருக்குக் கரியணும்?" என்று கேட்டாள். எல்லாரும் தட்டை நீட்டினார்கள்.

"இப்படி ஒரு சாப்ஸ் நான் கல்யாண வீட்டுல கூடச் சாப்பிட்டதில்ல," என்றார் ரஸ்.

"அப்ப என்னை எதுக்குக் கட்டிக்கிட்ட?" என்றாள் ஜனெட்.

ரேலீன் மனசு விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரிக்கத்தானே வாரம் பூராவும் காத்துக் கிடந்தாள். சாப்பாடு முடிந்து, அடுப்பு ஆறட்டும் என்று மேஜைமேல் விட்டுவிட்டு, வெந்நீர் தீர்வதற்குள் குளித்துவிடலாம் என்று துண்டை எடுத்துக்கொண்டு போனாள். சூடான தண்ணீரில் எவ்வளவு நேரம் நின்றாளோ. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது. கேட்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றுவிட்டாள்.

திரும்பி வந்தபோது மேஜை காலியாக இருந்தது.

"பயப்படாத, பத்திரமா இருக்கு," என்று ஜனெட் தன் கேரவனின் முன்பந்தலுக்குள் இருந்து குரல் கொடுத்தாள். "மழை புடிச்சுக்கிச்சு. ரஸ்தான் எடுத்து வெச்சாரு. முன்பெட்டி பூட்டியிருந்துச்சா, பக்கக் கதவு திறந்துதான் இருந்துச்சு. எங்க வண்டியிலயும் அங்கதான் வைப்போம்."

ரேலீன் துண்டோடு அந்தப் பக்கக் கதவுக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் அறைக்கு வெளியிலிருந்து திறக்கிற சின்னக் கதவு அது. அதன் பூட்டு பழுதாகி எவ்வளவோ நாளாகிறது. யார் அதைத் திறக்கப்போகிறார்கள் என்றுதான் விட்டிருந்தாள்.

குனிந்து திறந்து பார்த்தாள். அடுப்பைச் சுரண்டி, எண்ணெய் தடவி, பையில் போட்டு, ஒரு அம்மா தொட்டிலில் பிள்ளையை வைக்கிற மாதிரி வைத்திருந்தார் அந்த நல்ல மனுஷர். வைத்திருந்தது கிறிஸ்துமஸ் மரத்துப் பெட்டியின்மேல். அதற்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி, தையல் மெஷின், ஜாம் காய்ச்சுகிற பெரிய பாத்திரம், கோடைக்கான மின்விசிறி, டாம்ஸின் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பை. குளிர்காலத்தில் இரண்டு நாள் ஆற்றங்கரைக்கு வருகிறவள் எதற்கு மின்விசிறி கொண்டுவருகிறாள்? வண்டியின் அச்சைப் பார்த்தே பாரத்தைச் சொல்கிற ஆளுக்கு இதைப் பார்த்துப் புரியாமல் போகுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனெட் ஒரு தட்டு நிறைய முட்டையும் பேக்கனும் கொண்டுவந்தாள். பிறகு கம்பளிக் குல்லா ஒன்று கொண்டுவந்தாள். "நான் பின்னினது, என் தலைக்குச் சின்னதாப் போச்சு." ரஸ் வந்து பக்கக் கதவின் பூட்டுக்குப் புதுத் திருகாணி போட்டுவிட்டுப் போனார். வண்டியின் வாலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இரண்டு பேரும் அவளை முகத்துக்கு முகம் பார்க்கவில்லை.

சரி, தெரிந்துவிட்டது என்று ரேலீனுக்கு விளங்கியது. கூச்சத்தில் காது எரிந்தது. ஆனால் நேரம் போகப் போக, ஒரு வார்த்தையும் வெளியே வராததைப் பார்த்து, அவளுக்கு ஒரு சின்ன நப்பாசை முளைத்தது. தெரிந்தால் என்ன? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டால் போதாதா? அடுத்த வெள்ளிக்கிழமை இவர்கள் வருவார்கள், நானும் வருவேன், நாற்காலியைப் போட்டு உட்காருவோம். அவ்வளவுதானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தரைவிரிப்பை உதறினாள்.

அப்போது ஜனெட் அலுவலகப் பக்கமிருந்து முகமெல்லாம் பூரிப்பாக வந்தாள். வந்தவள் ரேலீனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ரேலீன், கோச்சுக்காத. எங்களுக்கு ராத்திரி தூக்கமே வரல. வெர்ன்கிட்டப் பேசிட்டேன்."

"என்ன பேசின?"

"உனக்கு வீடு இல்ல, பாவம், வாரம் பூராவும் எங்கேயோ நிக்கிறா, இத்தனை எடம் காலியாக் கெடக்குதே, ஒரு மூலையில நிரந்தரமா இருந்துக்கட்டுமேன்னு கேட்டேன். உன் சமையலையும் சொன்னேன், சுத்தத்தையும் சொன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. நல்ல மனுஷன் ரேலீன், கண்டிப்பாச் செய்வாரு!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்று சொல்வார்களே, அதைவிட இது மோசம். பிடித்த கைக்கே அது குரங்கு என்று தெரியவில்லை. அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று கத்த வேண்டும்போல இருந்தது ரேலீனுக்கு. ஜனெட்டின் கண்ணில் நீர் திரண்டு நின்றது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது? "தேங்க்ஸ்" என்றாள்.

வெர்ன் மதியத்துக்கு மேல் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அடுத்த வாரம் இடம் இல்ல ரேலீன்," என்றார்.

"அதுக்கு அடுத்த வாரம்?"

"அப்பவும் இல்ல."

எதிரே ஆற்றோரம் முழுக்கப் புல்தான் இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"நான் நிரந்தரமா இருக்கணும்னு கேக்கல வெர்ன். அவளாத்தான் கேட்டா. எனக்கு இந்த ரெண்டு நாள் போதும். மத்தவங்க மாதிரி வந்துட்டு மத்தவங்க மாதிரிப் போயிடுறேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். ஆலங்கட்டி மழை பேஞ்ச வாரம்கூட விடாம வந்தீங்கன்னா, எனக்கு என்ன கண்ணா இல்ல? முதல் மாசத்துலயே தெரியும்." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும் சொல்லல. அதனால எனக்குத் தெரியாது. நாளைக்குக் கவுன்சில்காரன் வந்து கேட்டா, தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். நேத்து வரைக்கும் அது பொய்யில்ல. இன்னிக்கு அந்தம்மா ஆபீஸ்ல நாலு பேர் முன்னால சொல்லிட்டாங்க. சொன்னப்புறம் நான் என்ன பண்ண?"

ரேலீனுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. இத்தனை மாதமாக, முன்பெட்டியைத் திறந்து வைத்து, விரிப்பை உதறி, உதட்டுக்குச் சாயம் பூசி, யாரை ஏமாற்றுவதற்காக அந்தப் பாடுபட்டாளோ அந்த ஆள் முதலிலிருந்தே பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். அந்தச் சும்மாதான் அவளுக்கு இருந்த ஒரே கூரை.

"சரி," என்றாள்.

அவர் போனதும் மீதிச் சாமான்களைக் கட்டினாள். அடுப்பை எடுத்து எப்போதும்போல முன்பெட்டியில், அதன் இடத்தில் வைத்தாள். ரஸ் வண்டியைப் பூட்ட உதவினார்; விளக்கெல்லாம் எரிகிறதா என்று சுற்றிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். ஜனெட் மத்தியானம் சுட்டதில் மிச்சமிருந்த சாசேஜ்களைச் சூடாக்கித் தாளில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வெர்ன் வந்தாரே, என்ன சொன்னாரு? சொல்லு, சொல்லு."

ரேலீன் அவளைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இவள் ஆபீசுக்கு ஓடி இன்னும் நாலு பேர் முன்னால் சண்டை போடுவாள். அழுவாள். தன் வாயைத் தானே சபித்துக்கொள்வாள். ஊருக்குப் போகும் வழியெல்லாம் ரஸ்ஸின் உயிரை எடுப்பாள். அதனால் ரேலீனுக்கு ஒரு ராத்திரி கிடைக்குமா?

"ஏதோ பாத்து செய்றேன்னாரு," என்றாள்.

"நான் சொல்லல? வாயத் திறந்து கேட்டாத்தானே நடக்கும்! நீ வாயே திறக்கமாட்ட, அதான் உன் தப்பு." ஜனெட் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். "அடுத்த வாரம் அடுப்பு எங்களது. நீ சும்மா உக்காந்து சாப்பிடு, என்ன?"

"சரி ஜனெட்," என்று சொல்லிவிட்டு ரேலீன் காரில் ஏறினாள். சாசேஜ் பொட்டலம் மடியில் இன்னும் சூடாக இருந்தது.