சொலொமோனாவுக்கு ஒரு கல்லறை

மோயலாங்கிக்குத் தென்கடல் தீவொன்றின் தலைநகரான ஆப்பியாவில், மீன்துறையின் ஐஸ் அறையில் வேலை. கடலுக்குப் புறப்படும் படகுகளுக்கு ஐஸ் அள்ளிக் கொட்ட வேண்டும்; திரும்பி வரும் படகுகளின் சூரை மீன்களை ஐஸுக்குள் புதைத்து அடுக்க வேண்டும். அவளுக்கு நாற்பத்தொரு வயது. கைகள் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கைகொடுக்கிறவர்கள், "என்ன மோயா, இன்னிக்கும் ஐஸைக் கையோட கொண்டாந்துட்டியா?" என்று கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அந்த வேலையில் அவள் சேர்ந்ததற்குக் கூலியைத் தவிர இன்னொரு காரணம் இருந்தது. ஐஸ் அறை வாசலில் நின்றால் பவளப் பாறைகளுக்கு நடுவே இருக்கும் வழி நேராகத் தெரியும். துறைக்குள் வருகிற எந்தப் படகும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை, அவளுடைய கணவன் சொலொமோனா கடலுக்குப் போனான். கூட வருகிற ஆளுக்குக் காய்ச்சல் என்பதால் அன்றைக்குத் தனியாகவே போனான். "ஞாயித்துக்கிழமை விருந்துக்கு நம்ம வீட்டு மீன்தான். அக்காகிட்டச் சொல்லி வை, வேற எங்கயும் வாங்கிடப் போறா" என்று சொல்லிவிட்டு, மோயலாங்கியின் ஐந்து மாத வயிற்றில் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். வியாழக்கிழமை காற்று திரும்பியது. வெள்ளிக்கிழமை துறையிலிருந்த படகுகள் எல்லாம் தேடப் போயின. நியூசிலாந்திலிருந்து ஒரு விமானம் வந்து இரண்டு நாள் வட்டமடித்தது. ஒரு பலகைத் துண்டு கூடக் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று ஊரே வெள்ளை உடுத்திக் கோயிலுக்குள் இருக்க, மோயலாங்கி மட்டும் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முழுக்க அவள் காதுக்கு வந்தது. அவர் கல்லறையில் இல்லை, எழுந்துவிட்டார் என்று நூறு தொண்டைகள் பாடின. அவள் மண்ணை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. சாயங்கால ஜெபத்தையும் விட்டதில்லை. பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் அவளுக்கென்று இடம் இருந்தது. ஆனால் வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும், மற்றவர்கள் பாடும்போது, அவள் வாய் திறக்க மாட்டாள். கடவுளோடு அவளுக்குச் சண்டை இல்லை. பொறாமைதான். கர்த்தர் எழுந்து வர, கல்லறைக்குப் போன மரியாள் காத்திருந்தது மூன்றே நாள். தனக்கு எத்தனை?

அவர்கள் ஊர் வாயிமோவானா தென்கரையில் இருக்கிறது; அங்கிருந்துதான் தினமும் பஸ்ஸில் துறைக்குப் போய்வருவாள். அங்கே இறந்தவர்களை வீட்டு முன்னாலேயே அடக்கம் செய்வார்கள். மாமனார், மாமியார் கல்லறைகள் வாசலிலேயே வெள்ளை அடித்துக் கிடந்தன. துவைத்த துணி அவற்றின்மேல் காயும். மகள் மாசினா அங்கேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்த இரண்டுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்குப் புல் வளர்ந்த இடம் காலியாகக் கிடந்தது.

அந்த இடத்தைப் பற்றித்தான் வீட்டில் ஓயாத வழக்கு. சொலொமோனாவின் அக்கா ஃபேத்தூ கல்யாணம் செய்துகொள்ளாதவள். தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவள் வருஷா வருஷம் கேட்பாள்.

"ஒரு கல்லறை கட்டிடலாம்டி மோயா. பேரு எழுதி ஒரு பூமாலையாவது போடலாம்ல?"

"தண்ணில இருக்குறவருக்கு மண்ணுல எதுக்கு அண்ணி வீடு?"

"அவனுக்காடி கேக்குறேன்? எனக்குக் கேக்குறேன்!"

பேச்சு அதோடு நின்றுவிடும். இருவரும் சேர்ந்து சேப்பங்கிழங்கு சுரண்ட உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு சொலொமோனாவின் அண்ணன் தலோசாங்கா ஆக்லாந்திலிருந்து வந்தார். அங்கே கட்டட வேலையில் மேஸ்திரி. வந்து இறங்கும்போதே மட்டப்பலகையும் பூச்சுக் கரண்டியும் பெட்டியில் இருந்தன. ஃபேத்தூவும் அவரும் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார்கள் என்று மோயலாங்கிக்குப் புரிந்துபோயிற்று.

பெரிய வெள்ளிக்கிழமை ஊரில் ஒரு சத்தமும் இல்லை. யாரும் கடலில் இறங்கவில்லை. கோழிகள்கூட அடக்கி வாசித்த மாதிரி இருந்தது. சாயங்கால ஜெபம் முடிந்ததும் தலோசாங்கா பாயில் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"மோயா, நான் சுத்தி வளைக்கல. நாளைக்கு வேலைய ஆரம்பிக்கிறேன். வேண்டாம்னு நீ சொன்னா நிறுத்திடுறேன்."

"வேண்டாம் அத்தான்."

ஃபேத்தூ அதுவரை விசிறியால் கொசு விரட்டிக்கொண்டிருந்தாள். விசிறியைக் கீழே வைத்தாள். "நான் செத்தா என்னை எங்கம்மா பக்கத்துல வைப்பீங்க. இந்தத் தலோசாங்கா செத்தா இவனையும் வைப்பீங்க. என் தம்பிக்கு மட்டும் எங்க வீட்டு வாசல்ல எடமில்லையா?"

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் மோயலாங்கியைச் சுட்டது. எழுந்து உள்ளே போனாள். வேண்டாம் என்று அதற்கப்புறம் அவள் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முழுக்கத் தோண்டுகிற சத்தமும், பிறகு கல்லில் கரண்டி உரசுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. மோயலாங்கி வெளியே வரவில்லை. மறுநாளைக்கான வெள்ளை உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். போட்டதையே மறுபடி போட்டாள். பொழுது சாயும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உள்ளே கல் வைத்துப் பூசிய குழி. அதைச் சுற்றி முழங்கால் உயரச் சுவர். மூடி மட்டும் திங்கட்கிழமைதான் வார்க்க முடியும் என்று தலோசாங்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஊர் முழுக்கப் புகை. ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்திலும் ஆண்கள் கல்லடுப்பு மூட்டியிருந்தார்கள். சூடேறிய கற்களின்மேல் கிழங்கும் பன்றியும் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிய சேப்பிலைப் பொட்டலங்களும் வேகத் தொடங்கியிருந்தன. காற்றே இல்லை. புகை மேலே போகாமல் இடுப்பளவில் படுத்து, வீட்டுக்கு வீடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஈரப்பலா மரங்கள் வேரில்லாமல் மிதப்பது போலிருந்தன. அரைத் தூக்கத்தில் வாசலுக்கு வந்த மோயலாங்கிக்குத் தான் விழித்திருக்கிறோமா என்பதே சந்தேகமாக இருந்தது.

புகைக்கு நடுவில், புதுக் கல்லறைக்குள், வெள்ளையாக ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது.

அவள் புகையை விலக்கிக்கொண்டு நடந்தாள். அருகே போனபோதுதான் மாசினா என்று தெரிந்தது. கோயிலுக்குப் போட வேண்டிய உடுப்பை முன்கூட்டியே போட்டுக்கொண்டு, குழிக்குள் பாய் ஒன்றை விரித்து, முழங்காலைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"அங்க என்னடி பண்ற?"

"சும்மா பாத்துட்டு இருக்கேன்மா."

"என்னத்தப் பாக்குற?"

"இது அப்பாவுக்குன்னு பெரியப்பா சொன்னாரு. அப்பா இங்க இல்லியே?"

"இல்லடா. அப்பா இங்க இல்ல."

மாசினா பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். "ஞாயிறு பள்ளிக் கதைலயும் இப்படித்தானேம்மா? போய்ப் பாத்தாங்க, உள்ள ஆளே இல்ல. அதுக்குத்தான எல்லாரும் பாடுறோம்? அப்புறம் ஏன் நம்ம வீட்டுல மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கீங்க?"

மோயலாங்கி சுவர்மேல் உட்கார்ந்துவிட்டாள். சிமெண்டின் ஈரம் பாவாடை வழியாக ஏறியது. அதற்குள் புகைக்குள்ளிருந்து ஃபேத்தூவின் குரல் பாய்ந்து வந்தது.

"அடியே! வெள்ளைச் சட்டை! சிமெண்டு பட்டா போகுமாடி அது? கர்த்தர் எந்திரிச்சு வர்ற அன்னிக்கு நீ குழிக்குள்ள போய் உக்காந்திருக்கியே!"

"நானும் எந்திரிச்சு வரேன் அத்தை!" என்று கத்திக்கொண்டே மாசினா சுவரைத் தாண்டிக் குதித்து ஓடினாள். உடுப்பின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வட்டம்.

கோயிலில் போதகர் அந்தப் பழைய கதையைத்தான் படித்தார். விடியுமுன் கல்லறைக்குப் போன மரியாள், உடலைக் காணாமல் அழுதது. பின்னால் நின்றவரைத் தோட்டக்காரன் என்று நினைத்து, நீர்தான் எடுத்துப் போனீரா, எங்கே வைத்தீர் என்று கேட்டது. குழந்தையாக இருந்த நாளிலிருந்து மோயலாங்கி கேட்ட கதை. அதில் மரியாள் சந்தோஷப்பட்ட இடம் ஒன்றுதான் இதுவரை அவள் மனசில் நின்றிருந்தது. இன்றைக்கு அதற்கு முந்தின இடத்திலேயே அவள் காது நின்றுவிட்டது. தைலம் பூச வந்தவளுக்குப் பூச ஓர் உடல் இல்லை. வெறும் கல், வெறும் குழி. அந்த நேரத்தில் மரியாளுக்கு ஒன்றுமே தெரியாது. ஐஸ் அறை வாசலில் நிற்கிறவளைப் போலத்தான் அவளும் நின்றிருக்கிறாள். மூன்றே நாள் என்பது பிறகு சொன்னவர்கள் போட்ட கணக்கு. நின்றவளுக்கு அது எத்தனை நாள் என்று யாருக்குத் தெரியும்?

பாட்டு ஆரம்பித்தது. ஜன்னல்களில் கடல் வெளுத்துக் கிடந்தது. வெள்ளைத் தொப்பிகள், வெள்ளைச் சட்டைகள், விசிறிகள் எல்லாம் வெயிலில் கரைந்து ஒரே வெளிச்சமாக அசைந்தன. இரண்டாவது அடியில் மோயலாங்கி வாயைத் திறந்தாள். குரல் முதலில் உடைந்தது. பக்கத்திலிருந்தவள் திரும்பாமலே தன் சுருதியைச் சற்றுத் தணித்து அவளுக்கு இடம் விட்டாள். முன்வரிசையில் ஃபேத்தூவின் தொப்பி மெல்லத் திரும்பியது. பார்த்துவிட்டு, மறுபடி நேராயிற்று. அவள் தோள்கள் மட்டும் குலுங்கின.

விருந்தில் யாரும் அவள் பாடியதைப் பற்றிப் பேசவில்லை. தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீன், சுட்ட பன்றி, புகை மணக்கும் கிழங்கு என்று எல்லாரும் மூச்சுமுட்டச் சாப்பிட்டார்கள். "ஆக்லாந்துல இதெல்லாம் கெடைக்குமா?" என்று ஃபேத்தூ கேட்டதற்கு, "கெடைக்கும். ஆனா சாப்பிட்டுத் தூங்க விடமாட்டாங்க" என்றார் தலோசாங்கா. சொன்ன கையோடு தூணில் சாய்ந்து குறட்டை விட்டார். சற்று நேரத்தில் ஊரே தூங்கிப்போயிற்று.

மோயலாங்கியும் பாயில் சரிந்தாள். கனவில் சொலொமோனா வந்தான். ஒன்பது வருஷமாக அவன் கனவில் வந்தால் தண்ணீருக்குள்ளேதான் இருப்பான். அவள் கை எட்டாது. இன்றைக்கு வாசலில், அந்தச் சுவர்மேல், கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலைமயிரில் மணல்.

"என்ன மோயா, எல்லாத்தையும் தின்னு தீத்துட்டீங்களா?"

"ஒங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன். உள்ள வாங்க."

"இங்கயே இருக்கேன். காத்து நல்லா வருது."

"எங்க இருந்தீங்க இத்தன நாளா?"

அவன் கேள்வி விளங்காதவனைப் போலச் சிரித்தான். அவளுடைய கையைப் பிடித்தான். "ஒன் கை எப்பவும் இவ்ளோ குளிருமா?" என்றான். அவன் கை வெதுவெதுவென்றிருந்தது. விழித்தபோது மாசினாவின் கன்னம் அவள் உள்ளங்கையில் கிடந்தது. வெளியே வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அவள் வெகுநேரம் கையை அசைக்கவில்லை.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று அந்தக் கனவு அவளுக்குச் சொல்லவில்லை. இறந்துவிட்டான் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவனைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டிய அவசரம் எங்கோ போய்விட்டிருந்தது. யாரோ ஒருவர் அவன் இருக்கும் இடத்தை அறிவார். தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதில்லை. விசுவாசம் என்று போதகர் சொல்வது இதுதானா என்று அவள் யோசித்தாள். இருக்கலாம் என்று தோன்றியது. மேற்கொண்டு யோசிக்காமல் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

மறுநாள் காலை தலோசாங்கா மூடிக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். மோயலாங்கி போய் எதிரே நின்றாள்.

"அத்தான், கல்லறை இருக்கட்டும். மூடி வேண்டாம்."

"மூடி இல்லாமயா? மழைத்தண்ணி தேங்கும். கொசு வந்து நம்ம எல்லாரையும் தூக்கிட்டுப் போயிரும்."

"மணல் கொட்டி நிரப்பிடலாம். கடற்கரை மணல். மேல பவளக்கல்."

தலோசாங்கா கம்பியைக் கீழே போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். ஃபேத்தூ இடுப்பில் கைவைத்துக்கொண்டு குழியை எட்டிப் பார்த்தாள். "மணல்தான் அவனுக்குப் பிடிக்கும். சின்னப் பிள்ளைல ஒரு நாளாவது கால் கழுவிட்டு வீட்டுக்குள்ள வந்திருக்கானா?" என்றாள்.

மூன்று பேரும் மாசினாவுமாகப் பதினோரு நடை நடந்தார்கள். கோணியில் அள்ளி, தோளில் வைத்து, கொட்டினார்கள். குழி நிரம்பியதும் மாசினா வெள்ளைப் பவளக் கற்களைப் பொறுக்கி வந்து தன் இஷ்டத்துக்குப் பரப்பினாள். பெயரை மட்டும் சுவரில் தலோசாங்கா செதுக்கினார். தேதிக்கு இடம் விட்டிருந்தார். என்ன போடுவது என்று கேட்கவில்லை.

ஃபேத்தூ பூமாலையை வைத்துவிட்டு அப்படியே மணல்மேல் சாய்ந்து படுத்தாள். "மீன் கொண்டாரேன்னு சொல்லிட்டுப் போனியேடா. வாங்காத, வாங்காதன்னு சொன்னியே. அன்னிக்கு வெறும் கிழங்கோட எல வச்சேன்டா, ஊரே பாத்துச்சு" என்று திட்டத் தொடங்கினாள். திட்டு அழுகையாயிற்று, அழுகை நெடுநேரம் ஓடியது. முன்பெல்லாம் அண்ணி அழுதால் மோயலாங்கி எழுந்து போய்விடுவாள். இன்றைக்கு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, கூந்தலில் ஒட்டியிருந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிவிட்டாள்.

"போதும் அண்ணி. மிச்சத்த அடுத்த வாரம் திட்டலாம்."

"நீயும் ரெண்டு வார்த்தை திட்டுடி. மனசு லேசாயிரும்."

மோயலாங்கி யோசித்துப் பார்த்தாள். திட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. மாசினா கோப்பையில் கொக்கோ போட்ட இனிப்புச் சோறு கொண்டுவந்து நீட்டினாள். மூவரும் ஒரே கரண்டியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள்.