வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

வாசகரே, நீங்கள் சாட்சி, குற்றவாளி நான். ஒரு பெண்ணை அவருடைய மருந்தை நிறுத்த வைத்தது என் நாக்கு. அதே மருந்தை அன்று காலையிலும் நான் விழுங்கியிருந்தேன்!

எனக்குத் தைராய்டு குறைபாடு. கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, உடல் காரணமின்றிப் பருத்தபோது கண்டறிந்தார்கள். பெண்களின் நோய் என்று நண்பர்கள் நகைப்பார்களோ... அந்த அச்சத்தில் மாத்திரைகளை ஒரு வைட்டமின் புட்டிக்குள் ஒளித்து வைத்தேன். தினமும் விடியலில், வெறும் வயிற்றில், கதவைச் சாத்திக்கொண்டு விழுங்குவேன்.

ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பின் பொங்கல் விழா. 'உடல்நலம் காப்பது உணவா, மருந்தா?' என்று பட்டிமன்றம். சீட்டுக் குலுக்கினார்கள், எனக்கு உணவு அணி விழுந்தது. மருந்து அணி விழுந்திருந்தால் அதையும் அதே முழக்கத்தோடு பேசியிருப்பேன்.

"உடல் ஓர் ஆலயம்! அதன் கருவறைக்குள் இரசாயனத்துக்கு என்ன வேலை?"

அரங்கம் அதிர்ந்தது.

மேடையை விட்டு இறங்கியதும் வசந்தா அக்கா வழிமறித்தார். பக்கத்துச் சேக்காட்டில் தையற்கடை வைத்திருப்பவர். என் மேடைச் சட்டைகள் அவர் தைத்தவை.

"நைனா, நெசமாவா சொல்றே? நானும் தைராய்டு மாத்திரை துன்னுகினுதான் கீறேன். ஒடம்பு எறங்கவே மாட்டேங்குது. உட்றட்டா?"

'சீட்டில் விழுந்த அணி அக்கா, மாத்திரையை விடாதீர்கள்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் சொல்லவில்லை? சுற்றிலும் நண்பர்கள்... வெற்றியின் வெப்பம்...

"மேடையில பொய் பேசுவனாக்கா?" என்றேன்.

"மச்சான், செம!" என்று விசிலடித்தார்கள்.

கோடை வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் அக்காவைக் கண்டேன். ஊரே வியர்வையில் நனைந்த அந்நாளில் அவர் கம்பளி போர்த்தி நடுங்கினார். முகம் வீங்கி, குரல் கரகரத்திருந்தது. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று மருத்துவர் கடிந்தபோது, என்னைக் காட்டிப் பெருமையோடு சொன்னார்:

"தோ, நம்ம தம்பிதான் மேடையில சொல்லுச்சு. ரொம்பப் படிச்ச புள்ள."

மருத்துவர் போனபின், எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

"நீ துன்னுகினே என்னிய உடச் சொன்னியா?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அவர் மாத்திரை உட்கொள்கிறார், மீண்டும் தைக்கிறார். என் துணியை மட்டும் வாங்குவதில்லை. என் மாத்திரைகளோ இன்னும் அந்த வைட்டமின் புட்டிக்குள்தான்! பொங்கலும் நெருங்குகிறது...

அன்று மருத்துவமனையில் அவர் முதுகைப் பார்த்து நான் உரக்கச் சொன்னதற்கு இனி நீங்களும் சாட்சி:

"அக்கா, வர்ற பொங்கலுக்கு அதே மேடையில ஏறுவேன். நானும் தினம் மாத்திரை போடறவன், உங்ககிட்ட பொய் சொன்னவன்னு மைக்குல சொல்லிட்டுத்தான் எறங்குவேன்."