சித்தியின் ஹால் டிக்கெட்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டின் ஒரே டேபிள் ஃபேனைச் சித்தி கட்டிலில் வைத்து அக்கக்காகக் கழற்றிப் போட்டாள். அழுக்கைத் துடைத்துத் திரும்ப மாட்டியதும் அது முன்னைவிட நன்றாகவே ஓடியது. ஆனாலும் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முந்தைய வாரம்தான் சித்தி வீட்டிலிருந்த அத்தனை ஜாக்கெட்டுக்கும் கொக்கி மாற்றித் தைத்திருந்தாள். வடை மடித்து வந்த காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் போடுவாள்.

சித்தி அம்மாவின் தங்கை. ராயகிரியில் வாழ்க்கைப்பட்டவள். தாய் தகப்பன் இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு சங்கரன்கோவிலுக்கு, அக்கா வீட்டுக்கே வந்திருந்தாள். வந்த பத்தாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டது வலி. புரண்டு படுத்தாலே முகம் சுருங்கும். பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை, இடுப்பெலும்பு இணைகிற இடம் இளகியிருக்கிறது, பெற்றுவிட்டால் சரியாகிவிடும், அதுவரை முடிந்த அளவு நடந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. அந்த ‘முடிந்த அளவை’ எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘காலைத் தரையில் வைக்கவே கூடாது’ என்று அர்த்தம் செய்துகொண்டார்கள்.

பக்கத்து வீட்டு விசைத்தறி காலையிலிருந்து ஓயாமல் தடதடக்கும். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது சித்திக்குத் தாங்கவில்லை. எழுந்து உட்காருவாள், படுப்பாள், தலையணையை இடம் மாற்றுவாள், மறுபடி பழைய இடத்திலேயே வைப்பாள். எங்கள் வீட்டு ஓட்டில் எத்தனை வரிசை என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியில் தன் பைக்குள் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தாள். அரசாங்க வேலைப் பரீட்சைக்கான கைடு. அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. புத்தகத்தோடாவது ஓரிடத்தில் கிடப்பாளே என்று, கேள்வி கேட்கிற வேலையை எனக்குக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து கேள்வி கேட்பேன். தப்பாகச் சொன்னால் சித்தியின் கையில் கிள்ளலாம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

ராயகிரியில் இருந்தபோதே அவள் யாருக்கும் தெரியாமல் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் கடைக்கு என்னைத்தான் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினாள். நான் வாங்கிவந்த ஹால் டிக்கெட்டைத் தலையணை உறைக்குள் செருகிக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில்தான் பரீட்சை.

அன்றிலிருந்து, அம்மா கடைக்குப் போகிற நேரம் பார்த்துச் சித்தி நடக்கப் பழகினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து வைப்பாள். முதல் நாள் பீரோ வரைக்கும். பிறகு அடுப்படி நிலை. ஒரு வாரத்தில் தெருவாசல். ஒவ்வொரு நாளும் நெற்றி வியர்வை என் தலையில் சொட்டும்.

“அம்மாட்ட மூச்சு விடக் கூடாதுட்டி” என்பாள்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, வாசலிலிருந்து திரும்புகையில் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த மாதிரிச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹால் டிக்கெட்டையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

சித்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேள்வி கேட்கப் போனால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் உயிரையே காப்பாற்றிவிட்ட கர்வத்தில் இருந்த எனக்கு அது பெரிய நன்றிகெட்டதனமாகப் பட்டது.

சனிக்கிழமை சித்தப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவரும் அப்பாவும் சேர்ந்து தன்மையாகத்தான் எடுத்துச் சொன்னார்கள். பரீட்சை எங்கும் ஓடிவிடாது, அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள்.

“அடுத்த வருசம் கையில பிள்ளை இருக்கும்” என்றாள் சித்தி. “அதுக்கடுத்த வருசம் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல்னு இருக்கும். பெறவு அத பள்ளிக்கூடத்துல விடணும். நான் எப்பதான் எழுத?”

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெகுநேரம் களைந்தாள்.

மறுநாள் காலை நான் கண் விழித்தபோது, அம்மா சித்திக்குத் தலை பின்னி முடித்து பீரோவைத் திறந்துகொண்டிருந்தாள். சித்தப்பா ஏதோ சொல்ல வந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“எந்திட்டி. ஆட்டோ வந்துட்டு” என்றாள் தங்கையிடம்.

பள்ளிக்கூட வாசலிலிருந்து அறைக்கு எவ்வளவு தூரம் என்று இப்போது கேட்டால் ஐம்பது அடி இருக்கலாம். அன்று அது முடிவதாகவே இல்லை. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான். நாலு எட்டுக்கு ஒருமுறை சித்தி நின்றாள். மாடியில் போட்டிருந்த இடத்தை அம்மா யார் யாரிடமோ பேசிக் கீழேயே மாற்றி வாங்கினாள். பிறகு நாங்கள் மூன்று மணி நேரம் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். அம்மா உட்காரவே இல்லை. கேட்டுக்கும் மரத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

சித்தி சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தாள். என் கன்னத்தையும் கிள்ளினாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை, கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. அடுத்த மாதம் தம்பி பிறந்தான். டாக்டரம்மா சொன்னபடி வலியும் மெல்லப் போயிற்று.

இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மத்தியானம் சித்தி வந்து படுத்ததும், அத்தனை நாளில் முதன்முறையாக ஒருமுறைகூடப் புரளாமல் தூங்கிப்போனாள். வினாத்தாள் கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்தது. நான் விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தபோது, அம்மா அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த வினாத்தாளில் என் பென்சிலால் யோசித்து யோசித்து ஒவ்வொரு விடையாகக் குறித்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் வந்திருந்தாள்.

அதுதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்டேன்.

“சும்மா பாக்கேன்” என்றாள், தலையைத் தூக்காமல்.

சித்திக்கு மார்க் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் பென்சிலின் கூர் மழுங்குகிறதே என்ற ஒரே கவலையோடு மறுபடி தெருவுக்கு ஓடினேன்.