அப்பா அடித்த ஆணி

மிசிசிப்பி ஆற்றின் மேல்பகுதியில் அணைக்கதவு திருப்புகிறவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. தண்ணீர் ஏறினாலும் திட்டு, இறங்கினாலும் திட்டு. டெல்மா ப்ரெக்கி இருபத்தாறு வருடமாக இரண்டு திட்டையும் வாங்கிக்கொண்டு, பிளாஸ்க் காப்பியோடு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். லேசில் அசைகிற ஆள் இல்லை. முழங்காலில் அறுவை முடிந்து வீடு திரும்பியவள், டாக்டர் சொன்ன நாளுக்கு ஒரு மாதம் முன்பே கதவுப் பாலத்தில் ஏறி நின்றாள்.

அந்தக் கோடையில் அவளைத் திட்டியது சொந்தத் தம்பி ஆர்லன்.

அணை கட்டிய நாளிலிருந்து ஆற்றை ஒரே மட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். தானியப் படகுகளுக்கு ஒன்பது அடி ஆழம் வேண்டும். அதில் தப்பில்லை, இந்த ஊர்ச் சோளம் அப்படித்தான் கடலுக்குப் போகிறது. ஆனால் வெயிலே படாத சேற்றில் விதை எப்படி முளைக்கும்? அன்னங்களுக்குத் தீனியான கரையோரத்து வாத்துக்கிழங்குச் செடிகள் அழிந்துபோயின. வடக்கிலிருந்து வருகிற அன்னங்கள் மேலேயே ஒரு வட்டம் போட்டுவிட்டு, இறங்காமல் போயின. அதனால்தான் இந்த ஏற்பாடு. படகுப் பாதையை முதலில் தூர்வாரிவிட்டு, ஒரே ஒரு கோடைக்கு, தொண்ணூறு நாள், தண்ணீரைப் பதினெட்டு அங்குலம் இறக்குவது. அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட இறங்காது என்று ஊர்க் கூட்டத்தில் வாக்குக் கொடுத்தவள் டெல்மா. படகுத்துறைக்காரர்கள் அணை அலுவலகத்தை நம்பவில்லை, அவளை நம்பினார்கள்.

நாற்பத்தோராம் நாள் ஆர்லன் அணைக்கே வந்துவிட்டான். அணைக்குச் சற்று மேலே அவனுடைய படகுத்துறை. பாதிப் படகுகள் சேற்றில் உட்கார்ந்திருந்தன.

"அக்கா, நீ சொன்னது பதினெட்டு. ஆணிக்குக் கீழ அளந்து பாத்தேன். இருபத்தஞ்சு இருக்கு."

"என் அளவுகோல் பதினெட்டுதான் காட்டுது."

"உன் அளவுகோல் உனக்குச் சம்பளம் குடுக்கிறவன் வச்சது. ஆணி அப்பா அடிச்சது."

துறையின் முதல் மரக்கம்பத்தில், நிறைமட்டத் தண்ணீர் தொடுகிற இடத்தில், அவர்கள் அப்பா ஒரு பெரிய ரயில் ஆணியை அடித்திருந்தார். ஊரே அதை வைத்துத்தான் ஆற்றைப் பேசும். ஆணிக்கு மேலே மூன்று அடி என்றால் வெள்ளம். அவரை அடக்கம் செய்த அன்று ஆணிக்கு மேலே ஆறு அடி.

"புதன்கிழமை சர்ச்சுல மனு எழுதிக் கையெழுத்து வாங்கப்போறேன். தண்ணிய ஏத்தித்தான் ஆகணும்."

"முளைச்சது விரல் உசரம்தாண்டா இருக்கு. இப்ப ஏத்தினா அத்தனையும் மூழ்கிச் செத்துடும்."

"புல்லுக்கு வக்காலத்து வாங்குற. என் பொழப்புக்கு யாரு வாங்குவா?"

அந்தச் சொல் அவளைச் சுட்டது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். வாக்குத் தவறியது நாம்தானோ? அன்று அளவுகோலை மூன்று முறை பார்த்தாள். பதினெட்டேதான். அப்படியானால் அப்பாவா தப்பு? மனம் ஒப்பவில்லை. தம்பி ஒவ்வொரு வசந்தத்திலும் துறைப் பலகைகளைப் பிரித்து, வாய்க்கு வந்தபடி பிப்ரவரிப் பனியைத் திட்டிக்கொண்டே மட்டம் செய்வது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை சர்ச் கீழ்த்தளத்து ஊர் விருந்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் டெல்மா எழுந்தாள்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு நடை துறைக்கு வாங்க. வெளிச்சம் இன்னும் இருக்கு."

துறைக்குப் பக்கத்திலேயே ரயில் பாலம். அதன் கல்தூண் பாறைமேல் நிற்பது, அசையாது. தூணில் ஒரு பித்தளைத் தகடு: நிறைமட்டத்துக்கு மேல் சரியாக நாலு அடி. கொத்தனார் மட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தகட்டில் பிடித்தாள். மறு முனையைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடிக்க ஆர்லனையே அனுப்பினாள். குழாயில் தண்ணீர் தகட்டின் மட்டத்துக்கு நின்ற இடத்திலிருந்து ஆணிவரை கிழட்டு மீன்காரர் விர்ஜில் டேப் பிடித்தார். மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடக் காத்திருந்தவர் அவர்.

நாற்பத்தெட்டு அங்குலம் இருக்க வேண்டும்.

"நாப்பத்தொண்ணு," என்றார்.

"ஏழு அங்குலம் ஆணி ஏறியிருக்கு," என்றாள் டெல்மா. "அப்பா சரியாத்தாண்டா அடிச்சார். ஒவ்வொரு குளிர்காலமும் பனிக்கட்டி கம்பத்தப் பிடிச்சுத் தூக்குது. பலகைய மட்டும் எறக்கினியே, ஆணிய எறக்கினியா?"

ஆர்லன் குனிந்து ஆணியைக் கையால் தடவிப் பார்த்தான்.

"அடப்பாவி," என்றார் விர்ஜில். "அப்ப இத்தன வருஷமா வெள்ளத்தக் கொறச்சுல்ல சொல்லியிருக்கேன். நாந்தான் இந்த ஊர்லயே பெரிய புளுகன்னு நினைச்சிருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மா சிரிக்கவில்லை, தம்பி பக்கம் திரும்பினாள்.

"பதினெட்டே உனக்குக் கஷ்டம்தான். இல்லேன்னு சொல்லல. நாளைக்கு லீவு போட்டு வரேன், படகுகள ஆழத்துக்குத் தள்ளுவோம். ஆனா தண்ணி ஏறாது."

மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான் ஆர்லன். "இன்னும் நாப்பத்தேழு நாள். அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் நானே வந்து கதவத் திருப்புவேன்."

தொண்ணூறாம் நாள் அவள் கதவுகளை இறக்கித் தண்ணீரைத் தேக்கினாள். ஆறு பழைய மட்டத்துக்கு ஏறியது. நவம்பரில் தம்பி போன் செய்தான்.

"உன் பறவைங்க காலங்காத்தாலேர்ந்து ஒரே கத்தல். வந்து என்னன்னு கேளு."

போனாள். துறைக்கு எதிரே நூற்றுக்கணக்கான அன்னங்கள் தலைகீழாகக் கவிழ்ந்து, சேற்றிலிருந்து கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தன. ஆர்லன் பறவைகளைப் பார்க்கவில்லை, கம்பத்தைக் காட்டினான். மேலே ஒரு பழைய ஓட்டை. ஏழு அங்குலம் கீழே அதே ரயில் ஆணி, தண்ணீர் அதைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நின்றது.

"மறுபடியும் பனி தூக்கும்," என்றான். "வசந்தத்துல குழாயோட வந்துடுக்கா. சுத்தியல் என்கிட்ட இருக்கு."