முட்டையில் பழுத்த ரூபாய்கள்

செங்கல்பட்டில் பத்திரம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த சிவப்பிரகாச முதலியார், பழைய வெள்ளி ரூபாய்களுக்குத் தரம் சொல்லும் நிபுணராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவர். அந்த வேலைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. ஒரு பூதக்கண்ணாடி, அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் நாணயப் புத்தகம், நெற்றி நிறைய விபூதி, இவை மூன்றும் அவரிடம் இருந்தன. எங்கள் ஊருக்கு அது போதுமாக இருந்தது.

ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ. நாணயம் சேர்க்கிற ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே கூடுவார்கள். என் மேல் இருந்த பிரியத்தினால் அல்ல, என்னுடைய பெரிய விளக்குகளுக்காக. வெள்ளி ரூபாயைப் பல வருஷம் காகிதத்திலோ துணியிலோ சுற்றிப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் அது நிறம் மாறும். பெரும்பாலும் வெறும் கறுப்பாகிவிடும். எப்போதாவது ஒன்று மட்டும் விளிம்பில் நீலமும் உள்ளே சிவப்பும் நடுவில் பொன் மஞ்சளுமாக மாறிவிடும். அப்படிப்பட்ட காசுக்கு மூன்று மடங்கு, நாலு மடங்கு கொடுக்கும் பணக்காரர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். ஆகவே எது கறை, எது நிறம் என்பதுதான் வாராவாரம் சண்டை. வளர்ந்த ஆண்கள் ஒரு ரூபாயை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, நீலம் என்றும் கறுப்பு என்றும் தொண்டை வறளக் கத்துவார்கள். எனக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்கிறவர் முதலியார். அவரிடம் இரண்டு அகராதிகள் இருந்தன. வாங்கும்போது, "உப்புக் காத்து தின்ன காசு, ரெண்டாம் தரத்துக்கும் கீழே" என்பார். அதே காசை விற்கும்போது, "மயில் கழுத்து பாருங்கோ, முதல் தரம்" என்பார். ஒரே வாரத்தில், ஒரே காசுக்கு, இரண்டையும் அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இருக்காது. கூடவே இன்னொன்றும் சொல்வார்: தானாக ஏறிய நிறத்தை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, மனுஷன் ஏற்றிய நிறம்தான் போகும். அது சுத்தப் பொய். எந்த நிறமானாலும் தேய்த்தால் போய்விடும். அது அவருக்கும் தெரியும். ஆனால் வாங்குகிறவனுக்கு அந்தப் பேச்சு தெம்பாக இருந்தது.

வெள்ளி விலை ஏறிக்கொண்டிருந்த எழுபத்து நாலாம் வருஷம் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வேண்டா என்கிற மீன்காரப் பெண் முதலியாரைத் தேடி என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். புருஷனுக்கு நைலான் வலை வாங்க வேண்டுமாம். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மொட்டைத்தலை ராஜா ரூபாயை, அதாவது கிரீடம் வைக்காத வெள்ளைக்கார ராஜாவின் தலை போட்ட பழைய வெள்ளி ரூபாயை, எடுத்தாள். மரப்பெட்டியில் கற்பூரம் மடித்து வந்த காகிதத்தில் சுற்றிக் கிடந்த காசு. நான் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தே காலம் தள்ளியவன். நானே விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தேன். நண்டின் கால் நீலம் விளிம்பில் ஆரம்பித்து, ராஜாவின் கழுத்தில் ரோஜா நிறமாகி, கன்னத்தில் தேன் நிறமாக முடிந்தது.

முதலியார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். இது பூராவும் கறை, வெள்ளி எடைக்குக்கூடக் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார்.

"கறுத்துப்போன காசுன்னா இன்னாத்துக்கு சாமி இம்மா நேரம் உருட்டி உருட்டிப் பாக்கறே?" என்றாள் வேண்டா. "குடு, நகை பண்ற பத்தராண்ட உருக்கப் போட்டுட்டு போறேன்."

காசை வாங்கிக்கொண்டு அவள் நடந்துவிட்டாள். முதலியார் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் பின்னால் ஓடினார். பாவம் பார்த்து வாங்குவதாகச் சொல்லி, எடைக்கு மேல் எதையோ போட்டுக் கொடுத்து வாங்கிவிட்டார். திரும்பி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டபோது, ஒரு தர்மம் செய்துவிட்ட களை அவர் முகத்தில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே காசு மயில் கழுத்தாகிவிட்டது. வாங்கியவர் கருங்குழியில் நெல் மில் வைத்திருந்த கோதண்டராமன். அவரும் பெரிய ரசிகர் ஒன்றும் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று நெல்லுக்கு விலை பேசுவது போலத்தான் காசுக்கும் பேசுவார். வாங்கியதை மெட்ராஸில் இன்னொருவன் தலையில் கட்டலாம் என்பது அவர் கணக்கு. "இந்த மாதிரி இன்னும் கெடச்சா எனக்கே குடு முதலியாரே, வேற எவனுக்கும் விக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தையில் முதலியார் கெட்டார். கெடுவதற்குத் தயாராக இருந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். கடற்கரைக் குப்பங்களில் எல்லாம் அலைந்தும் வேண்டாவின் காசைப் போல இன்னொன்று கிடைக்கவில்லை. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பாசிமணி விற்கிற யாரோ ஒருவன் வழி சொல்லிக் கொடுத்தான். முட்டையை அவித்து, சூட்டோடு நறுக்கி, ஒரு தகர டப்பாவில் போட்டு, சுத்தமாகத் துலக்கிய வெள்ளி ரூபாயை அதோடு வைத்து மூடிவிட வேண்டும். முட்டையின் ஆவி பட்டுப் பட்டு வெள்ளி மஞ்சளாகும், பிறகு சிவக்கும், பிறகு நீலம் பூக்கும். சரியான நேரத்தில் எடுத்துவிட்டால் பெட்டியில் கிடந்து ஏறிய நிறம் போலவே இருக்கும்.

முதலியார் வீடு சுத்த சைவம். வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை உள்ளே வராது. அப்படிப்பட்ட மனுஷன் மாமல்லபுரத்தில், தன்னைத் தெரியாத கடையில், முட்டை வாங்கி, துணிப்பைக்குள் தேங்காய் நாரில் பொதிந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். மலைக்கோயில் கண்ணில் பட்டதும் அதே கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கொல்லைப்புற விறகுக் கொட்டகையில் ஒரு ஸ்டவ் வைத்துக்கொண்டார். கோதண்டராமனுக்கு வரிசையாக மயில் கழுத்துகள் போய்ச் சேர்ந்தன.

அவர் மனைவி சம்பூர்ணம் அதிகம் பேசாத பெண்மணி. ஆனால் மூக்கு இருந்தது. ஒருநாள் கொட்டகை மூலையில் முட்டை ஓடு கிடப்பதைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டாள். காசுக்கு நிறம் ஏற்றி ஊரை ஏமாற்றுகிறேன் என்று சொல்ல முடியுமா? உடம்பு பலவீனம், டாக்டர் தினமும் ஒரு முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்றார் முதலியார்.

"டாக்டர் சொன்னார்னா சாப்பிடுங்க. ஆனா என் எதிர்ல சாப்பிடுங்க. ஒளிஞ்சி தின்னா ஒடம்புல ஒட்டாது" என்றாளாம் சம்பூர்ணம்.

கொல்லையில் ஒரு அலுமினியத் தட்டு வந்து உட்கார்ந்தது. வீட்டுப் பாத்திரத்தில் அவருக்குச் சோறு நின்றது. தினமும் காலையில், சமையலறை வாசலில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அவள் நிற்க, முதலியார் விறகுக் கொட்டகை ஓரத்தில் குந்திக்கொண்டு ஒரு முழு முட்டையை விழுங்கினார். ஐம்பது வயசு வரைக்கும் அந்த வாடை அறியாத வாய். முதல் நாள் கிணற்றடிக்கு ஓடி வாந்தி எடுத்தாராம். மறுநாளும் சாப்பிட்டார். உண்மையைச் சொல்வதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது. இதையெல்லாம் பின்னால் அவரே என்னிடம் சொன்னார், தான் பட்ட கஷ்டத்துக்கு நான் இரக்கப்பட வேண்டும் என்கிற மாதிரி.

கொஞ்ச மாதம் கழித்து, சொன்னபடி காசு வந்து சேரவில்லை என்று கோதண்டராமன் முதலியாரின் வீட்டுக்கே போனார். முதலியார் பத்திர ஆபீசில் இருந்தார். சம்பூர்ணம் மோர் கொடுத்து உட்கார வைத்தாள். நாலு இடம் போய் வருகிற மனுஷன், விஷயம் தெரிந்தவர் என்று நினைத்து, தன் மனசில் இருந்ததை அவரிடம் கேட்டாள். "ஏங்க, முட்டையில வெள்ளிக் காசைப் போட்டு மூடி வெச்சி சாப்பிட்டா பலம் வரும்னு எந்த வைத்தியத்துல சொல்லியிருக்கு? கொட்டகையில டப்பாவைத் தொறந்து பாத்தேன், இவர் அப்படித்தான் பண்றார். காசெல்லாம் வானவில் மாதிரி ஆயிடுது. அது வயித்துக்குள்ள போனா கெடுதல் இல்லையா?"

கோதண்டராமன் மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடியிருந்தபோது, முதலியாரிடம் வாங்கி, விலை இன்னும் ஏறட்டும் என்று விற்காமல் வைத்திருந்த காசுகளைக் கோதண்டராமன் ஒன்றுவிடாமல் என் மேஜை மேல் விளக்கடியில் பரப்பினார். அப்போதுதான் எனக்கும் கண் திறந்தது. தேய்ந்த இடத்திலும் நிறம், துலக்கும்போது விழுந்த புதுக் கீறலுக்குள்ளும் நிறம். ஒரே கொட்டகையில் பழுக்க வைத்த மாம்பழம் போல எல்லாம் ஒரே வர்ணம். இத்தனை மாதம் இதே விளக்கடியில் பூதக்கண்ணாடியோடு இதைப் பார்த்து ஆகா என்ற அறிவாளிகள் அத்தனை பேரும், எனக்கு அப்பவே சந்தேகம் என்று ஆரம்பித்தார்கள்.

"முட்டை இன்னா வெலை விக்குது முதலியாரே?" என்று கோதண்டராமன் கேட்டார்.

முதலியார் முதலில் புரியாதவர் போல நடித்தார். பிறகு கோபப்பட்டார். சம்பூர்ணத்தின் பேரைச் சொன்னதும் அடங்கிவிட்டார். கோதண்டராமன் அத்தனை காசையும் அவர் பக்கம் தள்ளி, கொடுத்ததை எண்ணி வைக்கச் சொன்னார். வேண்டாவின் ரூபாயும் அந்தக் குவியலில் கிடந்தது.

முதலியார் அதை மட்டும் தனியே எடுத்தார். மற்றதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், இது அசல், இதில் நான் கை வைக்கவே இல்லை என்றார். காசு விஷயத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அது. ஒருவரும் நம்பவில்லை. நான் சாட்சி சொன்னேன், அன்றைக்கு அந்தப் பெண் முடிச்சவிழ்த்தபோதே அது அப்படித்தான் இருந்தது என்று. நீயும் கூட்டு என்றார்கள்.

"தானா ஏறின நெறம் தேச்சாலும் போவாதுன்னு நீ தானே சொல்லிகினு திரிஞ்சே?" என்றார் கோதண்டராமன். "தேய். புளிகூட வேணாம். உன் விபூதியே போதும்."

வெள்ளிச் சாமான் துலக்க விபூதியைவிட நல்லது கிடையாது. எல்லா வீட்டிலும் அதைத்தான் போடுவார்கள். முதலியாருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று தேய்ப்பது. இன்னொன்று, தான் சொன்னது பொய், எந்த நிறமும் தேய்த்தால் போகும் என்று ஒப்புக்கொள்வது. ஒப்புக்கொண்டிருந்தால் காசு பிழைத்திருக்கும். வேண்டாவின் வீட்டுப் பெட்டியில் அறுபது வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்து, யார் தயவும் இல்லாமல் பூத்த அந்த நிறம் பிழைத்திருக்கும்.

அவர் மடியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தார். "தேய்க்காதீங்க" என்று நான் சொன்னேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். தேன் நிறம் முதலில் போயிற்று. பிறகு ரோஜா. நீலம் விளிம்பு எழுத்துக்களுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் நகத்தால் சுரண்டினார். ஏன் அதையும் சுரண்டினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைசியில் புதிதாக அலம்பிய கரண்டி போல ஒரு வெள்ளை ரூபாய் அவர் உள்ளங்கையில் கிடந்தது.

"பாத்தீங்களா?" என்று கோதண்டராமன் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவு அழகான பொருள் தன் கண் எதிரில் அழிந்தது அந்த மில் முதலாளிக்குத் தெரியவே இல்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். முதலியார் காபி குடிக்கவில்லை. முட்டைக் காசுகளோடு அதையும் துண்டில் முடிந்துகொண்டு, விரலெல்லாம் கறுப்பாக, வீட்டுக்குப் போனார். பணத்தைத் தவணை தவணையாகத் திருப்பிக் கட்டினார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் சம்பூர்ணம் மதுராந்தகத்தில் தன் அண்ணன் சுப்பிரமணி வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரை ஏமாற்றியதற்காக அல்ல, நோய் என்று சொல்லித் தன்னைத் தினமும் பயத்தோடு கொல்லையில் நிற்க வைத்ததற்காக. அவர் சாகப்போகிறாரோ என்று நினைத்துத்தான் அவ்வளவு நாளும் அந்த வாடையைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணன் எதிரில் நடந்ததை உள்ளபடி சொன்னால் திரும்பி வருவேன் என்று சொல்லி அனுப்பினாள்.

துணைக்கு வரும்படி முதலியார் என்னைக் கூப்பிட்டார். வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் போனேன். சுப்பிரமணி மரியாதையாக நாற்காலி போட்டு, என்ன மாப்பிள்ளை நடந்தது என்று கேட்டார். சம்பூர்ணம் உள்கதவு ஓரத்தில் நின்றாள். முதலியார் விபூதியைத் தடவிவிட்டுக்கொண்டார், தரையைப் பார்த்தார்.

"என்னத்த சொல்றது மச்சான். முட்டை மேல ஆசை வந்துட்டுது. அதான் ஒளிச்சி சாப்பிட்டேன்."

சுப்பிரமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா, எங்கள் ஆபீசில் பாதிப் பேர் சாப்பிடுகிறார்கள், இதற்காகவா பெட்டி தூக்கிக்கொண்டு வந்தாய் என்று தங்கையைக் கடிந்துகொண்டார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலையில் முதலியார் குளித்துவிட்டு வந்தபோது, கொல்லையில் அலுமினியத் தட்டு கழுவி வைத்திருந்தது. அதில் ஒரு முட்டை இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி வாங்கி வைத்திருந்தாள். பக்கத்தில் ஸ்டவ்வும் தண்ணீரும்.

"ஆசைன்னு சொன்னீங்களே" என்றாள்.

அவர் அவித்துச் சாப்பிட்டார். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்து ஒன்பதில் நான் ஸ்டூடியோவை விற்றுவிட்டுத் தாம்பரத்துக்குக் குடிபோகும் வரைக்கும் அது ஒரு காலைகூடத் தவறாமல் நடந்தது.