ஒன்பது புள்ளியும் ஒரு பூஜ்யமும்

எங்கள் குடும்பத்தில் மான் வேட்டைக்கு விண்ணப்பம் போட்ட ஒரே ஆள் சித்தப்பாதான். அதுவரை அவர் கையால் செத்த பெரிய உயிர் ஒரு கரப்பான்பூச்சி என்று அப்பா சொல்வார்.

நாங்கள் அப்போது நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா கோபிச்செட்டிபாளையத்திலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை தோற்றிருந்ததால், கூட வேலை பார்த்த ஓர் அமெரிக்கர் தினமும் காலையில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போவார். எனக்கு அவர் கார் அங்கிள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் எங்கெங்கோ இருந்தார்கள். சித்தப்பா பேசும் ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் புரியும். அவர் பேசுவது சித்தப்பாவுக்கு அதிலும் பாதி. இந்த லட்சணத்தில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று இரண்டு பேரும் எதைத்தான் பேசுகிறார்களோ என்று அம்மாவுக்குத் தீராத வியப்பு.

அந்தப் பேச்சில்தான் எல்க் வந்து சேர்ந்தது.

“நம்ம சத்தியமங்கலம் காட்டுக் கடமான் மாதிரிதான் அண்ணி. ஆனா குதிரை உசரம்,” என்றார் சித்தப்பா.

“அது பாட்டுக்கு மேஞ்சுட்டிருக்கு. அதைப் போய்ச் சுடுவீங்களா தம்பி? பாவமில்லையா?” என்றாள் அம்மா, கோழிக்கு மசாலா தடவிக்கொண்டே.

ஆனால் நினைத்தவுடன் போய்ச் சுட்டுவிட முடியாது என்று தெரிந்தபோதுதான் எனக்கு ஆர்வம் பிறந்தது. மேற்கே ஒரு மலை மாநிலத்தில் அந்த மான்கள் இருந்தன. வேட்டைக்கு அனுமதி வேண்டும். அனுமதிகள் கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம். அதனால் வசந்த காலத்தில் எல்லாரும் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஆட்களை எடுக்கும். அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குப் பெரிய பங்கு, வெளியிலிருந்து கேட்பவர்களுக்குச் சிறிய பங்கு. மானுக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள் என்பதை நான் பள்ளியில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கார் அங்கிள் விதிப் புத்தகமும் விண்ணப்பமுமாக எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். சித்தப்பா அதற்குள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சான்று அட்டை வாங்கியிருந்தார். அது இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. புத்தகத்தைப் படித்துத் தமிழில் விளக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அம்மா வைத்த வெல்லக் கச்சாயத்தைக் கார் அங்கிள் நாலாவதாக எடுத்துக்கொண்டிருந்தபோது நான் முதல் கேள்வியைப் படித்தேன். ரெசிடென்டா, நான்-ரெசிடென்டா?

“நான்-ரெசிடென்ட்,” என்றார் சித்தப்பா பெருமூச்சோடு. இரண்டு வருடமாக எல்லாப் படிவத்திலும் அதையே எழுதிப் பழகியவர்.

கார் அங்கிளும் தன் கட்டத்தில் அதையே குறித்தார். சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

“என்ன கண்ணு இது? இவரு பொறந்ததே இந்த ஊருலதான?”

“நோ சித்தப்பா, நாட் திஸ் ஸ்டேட். தட் ஸ்டேட்,” என்றேன்.

“அப்ப அங்க போனா இவரும் நானும் ஒண்ணா? ரெண்டு பேருமே வெளியூர்க்காரங்களா?”

நான் தலையாட்டினேன். சித்தப்பா எழுந்து போய்க் கார் அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கென்று தெரியாமலே அவரும் குலுக்கினார்.

அடுத்தது புள்ளிகள். ஒரு வருடம் குலுக்கலில் தோற்றால் ஒரு புள்ளி தருவார்கள். அதிகப் புள்ளி உள்ளவர்களுக்கு மறு வருடம் முன்னுரிமை. கார் அங்கிள் ஒன்பது வருடம் தோற்றவர். எல்லாரும் ஆசைப்படும் ஓர் உயரமான மலைச்சரிவை மட்டுமே கேட்டுக் கேட்டுத் தோற்றிருந்தார். போன வருடம் ஒன்பது புள்ளி வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் அந்த இடம் கிடைத்ததாகப் புத்தகத்தின் அட்டவணை சொன்னது. அதில் விரல் வைத்துக் காட்டி, “யு வில் வின்!” என்றேன். அவர் சிரித்தார்.

அப்போது ஊரிலிருந்து போன் வந்தது. சித்தப்பா சமையலறைக்கு ஓடி, கோபி வரை கேட்கும்படி கத்திப் பேச ஆரம்பித்தார். நான் படிப்பதை நிறுத்தவில்லை. குழுவாகச் சேர்ந்து விண்ணப்பித்தால், அந்தக் குழுவில் யாருக்குப் புள்ளி குறைவோ அதுவே எல்லாருக்கும் கணக்கு.

சித்தப்பாவுக்கு அது முதல் வருடம். அவர் புள்ளி பூஜ்யம்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கார் அங்கிள் என் பக்கம் திரும்பவில்லை. குழு என்ற கட்டத்தில் சித்தப்பாவின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். கட்டங்கள் போதவில்லை. ஒவ்வொரு எழுத்தாக என்னைக் கேட்டு, மிச்சத்தை ஓரத்தில் ஏற்றி எழுதினார். தனியாக அனுப்பினால் ஒன்பது, சேர்ந்து அனுப்பினால் பூஜ்யம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். சரியாகத்தான் படித்திருக்கிறாய் என்றார். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, உதட்டில் விரல் வைத்தார்.

ஏதோ வேடிக்கை நடக்கப் போகிறது என்று நினைத்து, ஜூன் மாதம் வரை நான் வாயைத் திறக்கவில்லை.

கடிதம் வந்தது. அனுமதி இல்லை; உங்களுக்கு இப்போது ஒரு புள்ளி. மறுநாள் காலை சித்தப்பா கடிதத்தோடு காரை நோக்கி நடந்தபோது நானும் பின்னால் போனேன்.

“மை லக் பேட், சார். யூ ஆல்சோ லாஸ்ட்,” என்றார். கடிதத்தை அவரிடம் நீட்டினார்.

கார் அங்கிள் இறங்கி வந்து அவர் தோளைத் தட்டினார். “ஒன் பாயிண்ட்! தட்ஸ் எ ஸ்டார்ட்!” என்று சிரித்தார். உண்மை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் விழுங்கிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் சித்தப்பாவுக்கு நாட்டின் மறுகோடியில், சான் ஹோசேயில் வேலை கிடைத்தது. இருவரும் தபாலில் படிவத்தை அனுப்பி, வருடா வருடம் சேர்ந்தே விண்ணப்பித்தார்கள். நான்காவது முறை அனுமதி வந்தது. அந்த உயரமான சரிவுக்கு அல்ல. குறைந்த புள்ளிக்கும் கிடைக்கும் ஒரு சாதாரண இடத்தைத்தான் அந்த முறை கேட்டிருந்தார்கள். அனுமதி கிடைத்துவிட்டால் சேர்த்த புள்ளிகள் எல்லாம் அழிந்துவிடும் என்பது விதி. சித்தப்பாவின் மூன்றும் போயின. கார் அங்கிளின் பன்னிரண்டும் போயின.

அதற்குள் அவருக்கு முழங்கால் மோசமாகியிருந்தது. வேட்டைக்குப் போனபோது கூடாரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சித்தப்பா மட்டும் மலையேறி, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் முப்பது நாற்பது எல்க்குகள் மேய்வதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, மத்தியானம் வரை அவரிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“சுடலையா சித்தப்பா?” என்று போனில் கேட்டேன்.

“சுட்டா அதை யாரு தூக்கறது கண்ணு?”

விஷயத்தைச் சித்தப்பாவிடம் நான் இன்று வரை சொல்லவில்லை. ஒன்பது வயதில் அந்தக் கணக்கு எனக்குச் சரியாகவே வந்தது. கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. முறை வந்த ஒருவர், பேசிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்பதற்காக வரிசையின் கடைசிக்குத் தானாகவே நடந்து போவார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. பாவம், கார் அங்கிளுக்குக் கணக்கு வராது என்று நினைத்தேன்.